என் தூக்கத்தை முனிரத்தினம் கையில் கட்டிய கதை

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கண்டுபிடித்துச் சொன்னால் அவமானம், நானே சொல்லிக்கொண்டால் தன்னடக்கம். என் உடம்பை அளப்பதற்காகக் கம்பெனி என் கையில் கட்டிவிட்ட கடிகாரத்தைக் கழற்றி, எனக்குக் கார் ஓட்டிய முனிரத்தினத்தின் கையில் கட்டினேன். என் நடையை அவர் நடந்து கொடுக்கட்டும், என் தூக்கத்தை அவர் தூங்கிக் கொடுக்கட்டும் என்றுதான். உழைக்கிற மனிதர், தலையைச் சாய்த்தால் தூக்கம் வந்துவிடும் என்று நம்பினேன். ஆதாரம் ஏதாவது இருந்ததா என்றால், இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் பல நம்பிக்கைகளுக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

மாம்பழக்கூழ் வாங்கி, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, பாட்டிலில் அடைத்து விற்கிற கம்பெனி எங்களுடையது. அதில் கொள்முதலும் போக்குவரத்தும் என் பொறுப்பு. ஸ்ரீசிட்டியில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்குத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு கண். இந்த நேரம் பார்த்து எங்கள் எம்.டி. ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய், 'ஆரோக்கியமான தலைவரே திறமையான தலைவர்' என்ற மந்திரத்தோடு திரும்பிவந்தார். மேலாளர்கள் எல்லோருக்கும் கடிகாரம். நடை, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் தனக்குள்ளேயே இருக்கும் சிம் வழியாக அது தலைமை அலுவலகத்துக்குக் கோள் சொல்லிவிடும். பச்சை வந்தவருக்குத்தான் நாற்காலி. சைக்கிளில் அலுவலகம் வரும் சக மேலாளர் சுதீர் கரும்பச்சை. நான் நல்ல குங்குமச் சிவப்பு.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது யார்? சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் 'அர்ஜென்ட்' என்று அனுப்புகிறவர் யார்? 'குடும்பத்தோடு சாப்பிடும் நேரம் புனிதமானது' என்ற சுற்றறிக்கையே நான் குடும்பத்தோடு சாப்பிடும்போதுதான் வந்தது. படித்துவிட்டு உடனே பதில் போடவேண்டுமாம். மன அழுத்தத்தைக் குறைக்கும் வகுப்பையும் விற்பனைக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஒரு காதில், 'மூச்சை மெதுவாக விடுங்கள்.' இன்னொரு காதில், 'சரக்கு எங்கேய்யா?' நான் விட்ட பெருமூச்சு எந்தக் கேள்விக்குப் பதில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த லட்சணத்தில் மாம்பழ சீசன் வந்தது. திருப்பதி, சித்தூர் பக்கத்துக் கூழ் ஆலைகளைப் பார்த்துப் பேசிவர நாலு நாள் பயணம். வெளிநாடு போகிறவனுக்குக் கட்டுவதுபோல் மனைவி மாத்திரைப் பெட்டி கட்டிக் கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஆந்திர எல்லை தாண்டிச் சத்தியவேடு வந்ததும் வெளிநாடு மாதிரிதான் இருந்தது. கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் உருண்டை பிடித்துக்கொள்கிறது. பேச்சு மட்டும் தமிழாகவே இருக்கிறது, நடுநடுவே தெலுங்கைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

கார் ஓட்ட எனக்கும் தெரியும். லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையின் கேட்டை, அது திறப்பதற்கு முன்பே கடந்து உள்ளே போன ஒரே மேலாளர் நான். அதற்குப் பிறகு ஓட்டுநர் இல்லாமல் எனக்குக் கார் தருவதில்லை. அன்றைக்கு அந்த கேட் ஓரமாக பீடி பற்றவைத்துக்கொண்டிருந்து, எகிறிக் குதித்து உயிர் தப்பியவர்தான் முனிரத்தினம். விஜயபுரம் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். போக்குவரத்து கான்ட்ராக்டரின் ஆள். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நான் முன்பக்கம் ஏறப்போனால் மட்டும், "பின்னால குந்துங்க சார், சொகுசா இருக்கும்" என்பார்.

சத்தியவேட்டில் இட்லி. வேர்க்கடலைச் சட்னியை, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கல்ல, இட்லியை அதில் முக்கி எடுக்கும் அளவுக்கு ஊற்றுகிறார்கள். முதல் வாய் வைப்பதற்குள் போனில் ரோஹன் வந்துவிட்டான். பெங்களூரிலிருந்து கம்பெனி பிடித்துவந்த ஆரோக்கியப் பயிற்சியாளர். காலைதோறும் வீடியோவில் வந்து என் தட்டை எட்டிப்பார்ப்பது அவன் உத்தியோகம். "சார், வெள்ளை உணவு வேண்டாமே" என்றான். தட்டிலிருந்து கேமராவைத் திருப்பி, முனிரத்தினத்தின் முகத்தில் வைத்தேன். அவர் வணக்கம் வைத்தார்.

வழியில் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். முனிரத்தினத்தின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பச்சைமிளகாய். கொஞ்ச தூரம் போனதும் ஒன்றை எடுத்துக் கடிப்பார். கண்ணில் தண்ணீர் வழியும், 'ஸ்ஸ்' என்பார், ஓட்டுவார்.

"என்ன முனிரத்தினம், மிளகாயைக் கடலை மாதிரி சாப்பிடறீங்க?"

"பழக்கம் சார்."

ஆந்திரா என்றால் இப்படித்தான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, சென்னையில் நண்பர்களுக்கு அதை ஒரு தகவலாகவும் அனுப்பினேன்.

சாயங்காலம் திருப்பதியில் என்னை லாட்ஜில் இறக்கிவிட்டு, "ஊட்டு பக்கம் போய்ட்டு காலைல வந்துர்றேன் சார்" என்று கிளம்பினார். பொறாமையாக இருந்தது. அவர் போய்ப் படுப்பார். எனக்கு வீடியோவில் கூட்டம் காத்திருந்தது. மறுநாள் காலை கடிகாரம் தீர்ப்பு சொன்னது: 'உங்கள் தூக்கம் மோசம். இன்று உங்கள் மேல் நீங்களே அன்பு காட்டுங்கள்.' காட்டலாம் என்று இரண்டாவது காபி கேட்டேன். அதற்குள் மனிதவளத் துறை சுப்ரியாவின் செய்தி. 'திருப்பதியில்தானே இருக்கிறீர்கள்? மலைக்கு நடந்தே ஏறுங்கள் சார். கடிகாரத்தின் வரைபடம் நேராக எம்.டி.க்குப் போகும். கடைசி வாய்ப்பு.'

மலைப்படிகள் தொடங்கும் அலிபிரிக்குப் போனேன். ரோஹன் சொல்லி வாங்கிய புது ஷூ, முழங்காலுக்கு உறை, நெற்றிக்கு வியர்வைப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு. அங்கே போய்ப் பார்த்தால் ஜனமெல்லாம் வெறுங்காலோடு ஏறுகிறது. ஒரு பெண் படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே போகிறாள். அவளுடைய குழந்தை அவளுக்கு முன்னால் ஓடுகிறது. ஷூவைக் கழற்றினேன். ஜூன் மாத வெயில் கல்லில் உட்கார்ந்திருந்தது. ஒரு காலை வைத்தேன், எடுத்தேன். அடுத்த காலை வைத்தேன், அதையும் எடுத்தேன்.

"இன்னா சார், சுடுதா?" என்றார் முனிரத்தினம்.

"சுடறதைப் பத்தி இல்லை. முழங்கால் என்ன சொல்லுதுன்னா..."

"நீங்க பஸ்ல போய்க்கினே இருங்க சார். நான் ஏறி வந்துர்றேன். எனுக்கு எப்படியும் ஒரு வேண்டுதல் கீது."

"என்ன வேண்டுதல்?"

"அத்தெல்லாம் வெளிய சொல்லக்கூடாது சார்."

அந்த நிமிஷத்தில் என் மூளை பச்சையாக எரிந்தது. கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டினேன். சின்னதாக ஒரு கூச்சம் வந்தது, ஷூவைப் பையில் போட்டபோது அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் என் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு புரியும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "மலை ஏறுறதுக்குன்னே தனியா உடுப்பு போட்டிருக்காரு பாருக்கா." "ஆமா, ஏறுனது பஸ்ல."

மேலே முனிரத்தினம் வந்து சேர்ந்து, ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த கணம் கண் மூடிவிட்டது. கூட்டம், ஒலிபெருக்கி, மொட்டையடித்த குழந்தைகளின் அலறல் எதுவும் அவரைத் தொடவில்லை. என்ன பக்தி, என்ன மன ஒருமைப்பாடு! ரோஹனின் வகுப்பில் நான் ஒரு நாளும் எட்டாத நிலை. தியானத்தைக் கலைக்க மனமில்லாமல் கைகூப்பியபடி நெடுநேரம் நின்றேன்.

தரிசன வரிசைக்கு முன்னால் போனையும் கடிகாரத்தையும் வெளியே ஒப்படைக்கவேண்டியிருந்தது. இந்தப் பயணத்தில் யாரும் என்னை எதுவும் கேட்காத பொழுது அது ஒன்றுதான். வெளியே வந்து போனைத் திறந்தால் கைதட்டல் மழை. 'மலை ஏறிய தலைவர்' என்று தலைப்புப் போட்டு என் வரைபடத்தை, அதாவது முனிரத்தினத்தின் வரைபடத்தை, எம்.டி. ஊரெல்லாம் அனுப்பியிருந்தார். கம்பெனிக்கு வெளியே இருக்கும் பெரிய மனிதர்களுக்கும்கூட. சுதீர் கட்டைவிரல் மட்டும் உயர்த்தியிருந்தார். அது வலியோடு உயர்த்திய கட்டைவிரல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பச்சைக்குத் தூக்கம் மட்டும்தானே பாக்கி என்று ஆசை பிடித்து ஆட்டியது.

"முனிரத்தினம், இது உங்க கையிலேயே இருக்கட்டும். ராத்திரியும் கழட்டாதீங்க."

"தூங்கறப்பவும் கட்டிக்கினு இருக்கணுமா சார்?"

"அதுதான் முக்கியமே."

அவர் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "சரி சார்" என்றார்.

மூன்றாம் நாள் கூழ் ஆலை. வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் மலைமலையாகக் கிளிமூக்கு மாம்பழம். ஆலை முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தார். சங்கட்டி என்பது சோறு கலந்து உருட்டிய கேழ்வரகுக் களி. கறுப்பு உணவு, ரோஹன் ஒன்றும் சொல்லமுடியாது. கையில் கடிகாரம் இல்லாத மனிதன் எவ்வளவு சாப்பிடுவான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் காருக்குள் முனிரத்தினம் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"கொடுத்து வெச்சவங்க சார் டிரைவருங்க" என்றார் முதலாளி. "நினைச்ச இடத்துல தூக்கம்."

"உண்மைதான்" என்று சொல்லி இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் சித்தூருக்குக் கிளம்பினோம். பாகாலாவை நெருங்கும்போது போன் அடித்தது. சுப்ரியா. குரல் நடுங்கியது.

"சார், எங்க இருக்கீங்க? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"ரெண்டு ராத்திரியா நீங்க தூங்கவே இல்லை சார்! நடுநடுவுல கோழித் தூக்கம், அதுவும் உட்கார்ந்தபடியே. நம்ம டாக்டர் பார்த்துட்டு பயந்துட்டாரு. எம்.டி. ரொம்ப வருத்தப்படறாரு. ஒரு வாரம் லீவு சொல்லிட்டாரு. உடம்பு முழுக்க செக்கப் புக் பண்ணிட்டேன். வீட்டுக்குப் பழக்கூடை அனுப்பியாச்சு."

லாட்ஜ் மெத்தையில் இரண்டு ராத்திரியும் குறட்டை விட்டுத் தூங்கியவன் நான்.

"ஒரே ஒரு வேண்டுகோள் சார். நீங்க கார் மட்டும் ஓட்டிடாதீங்க. இந்த நிலைமைல ஒரு ஆள் ஸ்டியரிங்ல உட்காரவே கூடாதாம். கூட வர்றவங்களையும் சேர்த்துக் கொன்னுடுவாராம். டாக்டரே சொன்னாரு."

மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்கின் மேல் என் கடிகாரம். பக்கத்தில் மிளகாய் டப்பா. எதிரே ஒரு லாரி.

"முனிரத்தினம், ஓரமா நிறுத்துங்க."

"இன்னா சார், வாந்தி வருதா?"

"டீ குடிக்கணும்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் நேராகக் கேட்டேன். "ராத்திரியெல்லாம் எங்க போறீங்க?"

"வண்டிக்குத்தான் சார். உங்கள உட்டுட்டு ஸ்ரீசிட்டி போயி நைட் ஷிஃப்ட் வேன் எடுப்பேன். ஆளுங்கள ஏத்திக்கினு வந்து உடணும். வேலை முடிஞ்சவங்கள இட்டுக்கினு போயி ஊர் ஊரா எறக்கணும். அதுக்குள்ள விடிஞ்சிரும். அப்படியே இங்க வந்துர்றது."

"வீட்டுப் பக்கம் போறேன்னு சொன்னீங்களே?"

"ஊட்டு பக்கமாத்தான் சார் வேன் போவுது."

"எத்தனை நாளா இப்படி?"

"சங்கராந்திக்கு முன்னால இன்னொரு டிரைவர் நின்னுட்டாரு. அப்பத்திலேர்ந்து ரெண்டு வண்டியும் நான்தான். ஆள் போடுங்கன்னு கான்ட்ராக்டர கேட்டா, முடியலன்னா நீயும் நின்னுக்கோன்றாரு."

"அப்போ இந்த மிளகாய்?"

"கண்ணு சொக்காம இருக்கத்தான். ஆசைக்கா சார் துன்னுவாங்க பச்சமொளகாய?"

"மலைமேல கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீங்களே..."

"தூங்கிட்டேன் சார். எழுப்புவீங்கன்னு பார்த்தேன், கண்ண தொறந்தா நீங்க கும்பிட்டுக்கினு நின்னீங்க."

"வேண்டுதல் என்னன்னு இப்பவாவது சொல்லுங்க."

"இன்னொரு டிரைவர் வரணும்னுதான்."

"ஏங்க, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"மாசா மாசம் ரெண்டு டிரைவர்னு எழுதின தாள்ல நீங்கதானே சார் கையெழுத்து போடறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் யார்யார்மேலோ ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது செய்தி அனுப்புகிறவர்கள், மூச்சு விடச் சொல்கிறவர்கள், இட்லியை வெள்ளை என்கிறவர்கள். அந்த வரிசையில் நானும் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதை 'வேகமாக முடிவெடுக்கும் திறன்' என்று என் மதிப்பீட்டில் பாராட்டி வேறு எழுதியிருந்தார்கள்.

சுப்ரியாவைக் கூப்பிட்டேன். கடிகாரம் யார் கையில் இருக்கிறது, மலை ஏறியது யார், தூங்காதது யார், எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லும்போது குரலில் ஒரு தியாகியின் கம்பீரம் வந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "அப்பாடா! பயந்தே போயிட்டேன் சார். அப்போ உங்களுக்கு ஒண்ணும் இல்லை."

"எனக்கு ஒண்ணும் இல்லை. அவருக்கு இருக்கு. அந்த ஒரு வார லீவு, செக்கப், பழக்கூடை?"

"அவர் நம்ம ஸ்டாஃப் இல்லையே சார். கான்ட்ராக்ட். கவலைப்படாதீங்க, அந்த டிரைவரை மாத்திடச் சொல்லிடறேன்."

கேட்டீர்களா? அந்தத் தூங்காத உடம்பு என்னுடையது என்று நினைத்தவரைக்கும் டாக்டர் பயந்தார், எம்.டி. வருந்தினார், ஆப்பிள் கிளம்பியது. உடம்பு முனிரத்தினத்துடையது என்றதும் அதே தூக்கமின்மை, ஆளை மாற்றவேண்டிய கோளாறாகிவிட்டது. இவர் வேண்டிக்கொண்டது தனக்குத் துணையாக ஒரு ஆள். இவர்கள் அனுப்பப்போவது இவருக்குப் பதில் ஒரு ஆள். டீக்கடைக்காரம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர் தெலுங்கில், "வீட்டுக்காரம்மா கிட்டயா பேசறாரு?" என்று கேட்டார். "இல்ல, ஆபீசு" என்றார் முனிரத்தினம். "பாவம்" என்றார் அவர்.

கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் என் இயல்புக்குத் திரும்பினேன். "சுப்ரியா, அந்த மலை ஏறின வரைபடத்தை எம்.டி. யார்யாருக்கெல்லாம் அனுப்பினார்னு எனக்குத் தெரியும். அவங்க எல்லாருக்கும், ஏறினது யார் கால்னு நான் ஒரு விளக்கம் எழுதட்டுமா?"

"கேட்டுட்டு சொல்றேன் சார்" என்றாள்.

அடுத்தது கான்ட்ராக்டர். இரண்டு ஓட்டுநர்களையும் என் கண்ணால் பார்க்கும்வரை கையெழுத்துக் கிடையாது, முனிரத்தினம் மேல் கை வைத்தால் கான்ட்ராக்டே கிடையாது என்றேன். ஆள் கிடைப்பதே இல்லை என்று இத்தனை மாதம் சொன்ன மனிதருக்கு, நாங்கள் இரண்டாவது டீ குடிப்பதற்குள் ஆள் கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி வேனைப் புது ஆள் எடுப்பார் என்று பெயரோடு செய்தி வந்தது. சுப்ரியாவிடமிருந்தும் வந்தது: ஒரு வாரம் லீவு, செக்கப், இரண்டும் முனிரத்தினத்துக்கு உண்டு. பழக்கூடை மட்டும் ஏற்கனவே என் வீட்டில் இறங்கிவிட்டதாம். கூடவே எம்.டி.யின் இரண்டு வரி. நாற்காலி சுதீருக்கு. கடிகாரத்தை நல்ல நிலையில் திருப்பித் தரவும்.

முனிரத்தினத்தின் கையிலிருந்து அதைக் கழற்றி மிளகாய் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

"சாவியைக் குடுங்க. சித்தூர் வரைக்கும் நான் ஓட்டறேன். நீங்க பின்சீட்ல காலை நீட்டிப் படுங்க."

"வாணாம் சார்."

"டாக்டரே சொல்லியிருக்காரு. நீங்க ஸ்டியரிங்ல உட்காரக்கூடாது."

"உங்கள உக்கார சொன்னாரா சார்?"

சாவிக்காகக் கையை நீட்டினேன். சாவியை அவர் விரல் விரலாகத்தான் விட்டார்.

மிகுந்த பொறுப்போடு ஓட்டினேன். மாம்பழ டிராக்டர்கள் எல்லாம் ஹாரன் அடித்து என்னை முந்திப் போயின. ஒரு எருமை என்னோடு கொஞ்ச தூரம் கூடவே நடந்துவந்து, அலுத்துப்போய் வயலில் இறங்கியது. இடையில் ஒரு வேகத்தடை இருந்ததை, அது முடிந்த பிறகு தெரிந்துகொண்டேன். நாற்காலி போனது போகட்டும், ஒரு மனிதர் இத்தனை மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நெஞ்சு நிறைந்து, கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

முனிரத்தினம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முன்சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் கண்கள் அவ்வளவு அகலமாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை. மிளகாய்கூடக் கடிக்கவில்லை.

"என்ன முனிரத்தினம், இன்னும் தூங்கலையா? இனிமே உங்களுக்கு என்ன கவலை?"

"நீங்க ஓட்டிக்கினு கீறீங்களே சார்."